நுவரெலியாவுக்கு எந்த மாதம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நுவரெலியாவுக்கு வருடத்தின் பன்னிரண்டு மாதங்களிலும் போயிருப்பதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் சீசனுக்குத்தான் போவோம். கடந்த முறை அறை வாடகை மூன்று மடங்கு. கிரகரி வாவியைச் சுற்றி வாகனங்கள் நகரவே இல்லை. அம்மாவுக்கு 78 வயது. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்தவர். “இது நான் பார்த்த நுவரெலியா இல்லை” என்று திரும்பி வரும்போது சொல்லிக்கொண்டே வந்தார். அவரை எந்த மாதத்தில் கூட்டிப்போகலாம்? ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவது உங்களுக்கு அலுக்கவில்லையா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா சொன்னது சரி. ஏப்ரலில் பாதிக் கொழும்பு மலையேறிவிடுகிறது. கொழும்பு வெக்கையில் வேகும் மாதத்தில் மேலே போய்த் தங்குவது வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம். பூக்கள், குதிரைப் பந்தயம், கார் பந்தயம் எல்லாம் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் வந்துவிடும். பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாக நினைப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

நான் பல வருடங்கள் ஒரு மரக்கறி வியாபாரியின் கணக்கு எழுதப் போய்வந்தவன். மாதம் ஒருமுறை, இரண்டு நாள் தங்கல். அதனால் மாதத்தைத் தெரிந்தெடுக்கும் வசதி எனக்கு இருக்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. வருடச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். மிகக் குளிரான மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் சில பாகைதான் வித்தியாசம். அங்கே பருவத்தை மாற்றுவது காற்றும் மழையும்தான்.

பெப்ரவரியில் ஒரு விடியற்காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதல்நாள் இரவு மேகமே இல்லை, காற்றும் இல்லை. அப்படிப்பட்ட இரவில்தான் உறைபனி விழும். கனமான குளிர்காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கிக்கொள்ளும், பள்ளத்தில் இருப்பதோ உருளைக்கிழங்குப் பாத்திகள். ஐந்தரை மணிக்கு அந்தப் பாத்திகள் உப்புத் தூவியது போல இருந்தன. ஒருவர் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, குழாயைப் பிடித்து ஒவ்வொரு வரிசையாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். “வெயில் படுவதுக்கு முன்னே கழுவிரணும், பட்டால் கருகிரும்” என்றார், நிமிர்ந்தும் பார்க்காமல். அவருடைய கடைசி மூன்று வரிசைகளை வெயில் முந்திக்கொண்டது. மத்தியானம் போய்ப் பார்த்தேன். அந்த இலைகள் கொதிநீரில் அவித்தெடுத்தது போலத் துவண்டு கறுத்துக் கிடந்தன. அன்றிலிருந்து இங்கே சந்தையில் கிழங்கு விலை ஏறினால் நான் முணுமுணுப்பதில்லை.

ஜூலைக்கு வருவோம். ஆட்கள் மழைக்குப் பயந்து போகாத மாதம், எனக்கு மிகப் பிடித்த மாதம். ஹட்டன் வழியாகப் போனால் கினிகத்தேனையிலிருந்தே மழை பிடித்துக்கொள்ளும். வட்டவளை இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நுவரெலியாவில் பனிமூட்டம், தூறல், மின்விளக்கு எரியும் பகல். ஆனால் அங்கிருந்து ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வெயில், வறண்ட காற்று, காய்ந்த புல்! தென்மேற்குக் காற்று கொண்டுவந்த ஈரத்தை மலை இந்தப் பக்கமே இறக்கிவைத்துவிடுகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ்க் காற்று வீசும்போது மழை அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். பாடசாலைப் புத்தகத்தில் படித்ததுதான். உடம்பில் பட்டபோதுதான் விளங்கியது.

ஒக்டோபர், நவம்பரில் போக வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்தில் சரிந்த மண்ணும் போன உயிர்களும் நமக்கு மறக்காது.

அலுப்பு பற்றிக் கேட்டீர்கள். நகர நடுவில் விக்டோரியா பூங்கா இருக்கிறதே, அங்கே குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி வரும். காஷ்மீரத்தில் கூடு கட்டும் ஈபிடிப்பான் ஒன்றும் வந்து தங்கும். சீசன் கூட்டம் நிறைகிற நேரத்தில் அவை திரும்பிப் போயிருக்கும். ஊர் மாதத்துக்கு மாதம் மாறும்போது அலுப்பு எங்கே வரும்?

சரி, அம்மாவுக்கு எந்த மாதம்? மார்ச் முதற்பாதி. மழை குறைவு, உறைபனி பெரும்பாலும் முடிந்திருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது. இரவில் குளிரும், ஸ்வெட்டரும் கம்பளியும் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு மாதம் என்றால் கொழுந்துதான். பெப்ரவரி, மார்ச்சில் மழையில்லாமல் கொழுந்து குறையும், ஆனால் அந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவது அப்போதுதான். ஏப்ரல் மழை விழுந்ததும் கொழுந்து குவியும். நாம் பூக்கண்காட்சி பார்க்கும் அதே நாட்களில், பக்கத்து மலைகளில் பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அம்மா தேடிய நுவரெலியா அங்கேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே அவிசாவளை, ஹட்டன் வழியாகவே போங்கள். தலவாக்கலை தாண்டியதும் லிந்துலை, நானுஓயாவுக்கு முன்னால் வரும். அம்மாவை முன் இருக்கையில் உட்காரவையுங்கள். லிந்துலையில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களம் எங்கே இருந்தது, அவருடைய அம்மா எந்த மலையில் கொழுந்தெடுத்தார் என்று கேளுங்கள். அவர் காட்டும் வழியில் மெதுவாகப் போங்கள். நுவரெலியாவுக்கு மறுநாள் போனாலும் பரவாயில்லை.