வாசகர் கேள்வி: இருபது வருடம் எதற்காக?

"ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா இருபது வருடம் சண்டை போட்டது. கடைசியில் யாரை விரட்டினார்களோ அவர்களே திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்படியென்றால் எதற்காகப் போனார்கள் ஐயா?"
*- வாசகி ஒருவர், தேனி*

அந்த இருபது வருடத்தில் பாதிக்கு மேல் நான் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன் அம்மா. உங்கள் 'எதற்காக'வுக்கு வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு பதில்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

2001 அக்டோபர் 7-ம் தேதி குண்டுவீச்சு தொடங்கியபோது பதில் தெளிவாக இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குக் காரணமான பின்லேடனைப் பிடிக்க வேண்டும், அவருடைய அல்-காய்தா அமைப்பை ஒழிக்க வேண்டும். அவருக்கு இடம் கொடுத்திருந்த தாலிபான் ஆட்சி அந்த டிசம்பரிலேயே விழுந்தது. பின்லேடன் தோரா போரா மலைகளிலிருந்து தப்பிவிட்டார். அப்புறம் தேர்தல், பெண்கல்வி, சாலை, அபின் ஒழிப்பு, புது ராணுவம் என்று நோக்கம் நீண்டுகொண்டே போனது. 2009 டிசம்பரில் ஒபாமா இன்னும் 30,000 வீரர்களை அறிவித்தார். 2011 மே மாதம் பின்லேடன் கொல்லப்பட்டார், அதுவும் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். அன்று இரவு பக்கத்தை முடித்துவிட்டு வீடு திரும்பும்போது, 'சரி, இனி கிளம்பிவிடுவார்கள்' என்று உறுதியாக நம்பினேன். அதற்குப் பிறகும் பத்து வருடம் இருந்தார்கள்.

என் மனதை விட்டுப் போகாதது கஜாக்கி அணை. ஹெல்மண்ட் மாகாணத்தில், 1950-களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று கட்டியது. அதன் மின்நிலையத்தில் இன்னொரு டர்பைன் பொருத்தினால் ஊர்களுக்கு வெளிச்சம் வரும், மக்கள் அரசின் பக்கம் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 2008-ல் அந்த டர்பைனின் பாகங்களைக் கந்தஹாரிலிருந்து கொண்டுபோக, பிரிட்டிஷ் படை உட்பட ஆயிரக்கணக்கான வீரர்கள் காவல் நின்றார்கள். வாகனங்கள் போய்ச் சேர்ந்தன. பெரிய வெற்றி என்று செய்தி வந்தது, நானும் அப்படியே எழுதினேன். ஆனால் அதைப் பொருத்த நூற்றுக்கணக்கான டன் சிமென்ட் வேண்டும். சிமென்ட் லாரி போகும் அளவுக்குச் சாலையில் பாதுகாப்பு இல்லை. பாகங்கள் அணைக்கட்டில் பல வருடம் அப்படியே கிடந்தன. அந்தப் பக்கத்துச் சங்கின் என்ற ஊரில் மட்டும் பிரிட்டன் நூறு பேருக்கு மேல் இழந்தது. அந்த வீட்டு அம்மாக்களும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இரண்டு அதிபர்களின் காலத்தில் வெள்ளை மாளிகையில் இந்தப் போரைக் கவனித்த ராணுவ ஜெனரல் டக்ளஸ் லூட், என்ன செய்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று 2015-ல் அரசு விசாரணையாளர்களிடம் சொன்னார். நீதிமன்றத்தில் போராடி ஒரு பத்திரிகை அதை வெளியே கொண்டுவர 2019 டிசம்பர் ஆகிவிட்டது. அதைத் தமிழில் எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. அமெரிக்க வீரர்கள் ஏறக்குறைய 2,400 பேர், ஆப்கான் வீரர்களும் போலீஸாரும் 60,000-க்கு மேல், ஊர் மக்கள் பல பத்தாயிரம் பேர். தெரியாமலேயா இத்தனை பேரை அனுப்பினீர்கள், இத்தனை பேரைச் சாகவிட்டீர்கள்?

"ஆரம்பத்திலேயே யாரும் கேட்கவில்லையா?"
*- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

ஒருவர் கேட்டார். கலிபோர்னியாவைச் சேர்ந்த, அன்றைய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா லீ. 2001 செப்டம்பர் 14-ம் தேதி, படை பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 420-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒரு எதிர்ப்பு வாக்கு அவருடையது. குறியும் வெளியேறும் வழியும் இல்லாத, முடிவு தெரியாத போரில் இறங்கிவிடக் கூடாது என்று எச்சரித்தார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது, போலீஸ் பாதுகாப்பு தர வேண்டியிருந்தது.

"பெண் குழந்தைகள் படித்தார்களே, அதுவும் வீணா?"
*- ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி*

வீண் என்று நான் சொல்லவே மாட்டேன் டீச்சர். அந்த வருடங்களில் படித்து டாக்டரானவர்கள், நீதிபதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2021-ல் தாலிபான் திரும்பியதும் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குக் கதவு மூடியது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் போனது. 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் போட்ட ஒப்பந்தத்தை இரண்டு முறை வரி வரியாகப் படித்தேன். படை எத்தனை நாளில் வெளியேறும், கைதிகள் எத்தனை பேர் விடுதலை, எல்லாம் இருக்கிறது. பெண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.