பாட்டு நன்றாகக் கேட்கிறது, பேச்சு மட்டும் ஏன் கரகரக்கிறது?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். தினமும் நாலைந்து மணி நேரம் கணினியில் மீட்டிங், வாடிக்கையாளர் அழைப்பு என்று போகிறது. பாட்டுக் கேட்க வாங்கிய, நல்ல விலையுள்ள புளூடூத் ஹெட்ஃபோனைத்தான் இதற்கும் பயன்படுத்துகிறேன். பாட்டு பிரமாதமாகக் கேட்கிறது. ஆனால் மீட்டிங் தொடங்கியதும் எல்லோர் குரலும் மங்கிவிடுகிறது. என் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம். எழுந்து அடுத்த அறைக்குப் போனால் விட்டுவிட்டுக் கேட்கிறது. இதற்கென்று தனியாக ஒரு வயர்லெஸ் ஹெட்செட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: வாங்கலாம். ஆனால் காசு எடுப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் ஹெட்ஃபோனில் கோளாறு எதுவும் இல்லை. அதைவிட இரண்டு மடங்கு விலையில் இன்னொரு பாட்டு ஹெட்ஃபோன் வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

காரணம் புளூடூத்துக்குள் இருக்கிறது. நாம் இத்தனை வருடமாகப் பயன்படுத்திவரும் புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு தனித்தனி முறைகள் உண்டு. ஒன்று ஏ2டிபி. கணினியிலிருந்து காதுக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை. ஸ்டீரியோ, நல்ல தரம், பாட்டுக்கு இதுதான். ஆனால் இதில் மைக்குக்கு இடமே கிடையாது. இன்னொன்று எச்எஃப்பி என்கிற ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறை. கார் ஓட்டிக்கொண்டே ஃபோன் பேசுவது போன்ற தேவைகளுக்காக வந்தது. இதில் ஒலி இரண்டு பக்கமும் போகும், ஆனால் இருக்கிற குறுகிய பாதையைக் காதும் வாயும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் மீட்டிங்கில் நுழைந்து மைக் திறந்த கணமே, கணினி முதல் முறையை விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவிவிடுகிறது. ஸ்டீரியோ போய் ஒற்றைத் தடமாகிறது. பாட்டு முறையில் நொடிக்கு 44,100 மாதிரிகளாக (ஒலியை அத்தனை முறை அளந்தெடுத்த துண்டுகளாக) வந்துகொண்டிருந்த ஒலி, பழைய வகை ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் வெறும் 8,000 மாதிரிகளுக்கு இறங்குகிறது. 2011இல் வந்த எச்எஃப்பி 1.6இல் இதை 16,000 ஆக்கினார்கள். கணினி, ஹெட்ஃபோன் இரண்டுமே அதை ஏற்றுக்கொண்டால்தான் அது வேலை செய்யும்; இல்லாவிட்டால் சத்தமில்லாமல் 8,000க்கே போய்விடும்.

8,000 என்றால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எல்லாம் வெட்டுப்படும். பழைய லேண்ட்லைன் தரம் அது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற உரசல் ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாருங்கள்: நீங்கள் ‘எஃப்’ என்பீர்கள், அவர் ‘எஸ்’ஸா என்று திருப்பிக் கேட்பார். அது அவர் காதின் குறையில்லை.

சந்தேகமாக இருந்தால் நீங்களே சோதிக்கலாம். கணினியில் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அப்படியே குரல் பதிவு செய்யும் ஆப்பைத் திறந்து, ஹெட்ஃபோன் மைக்கில் பதிவைத் தொடங்குங்கள். அந்த நொடியே பாட்டு சப்பென்று தட்டையாகும். பதிவை நிறுத்தினால் ஓரிரு நொடியில் பழையபடி திரும்பும். பழைய விண்டோஸில் ஒரே ஹெட்ஃபோன் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்றும் இரண்டு பெயர்களில் நிற்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அந்த இரண்டும் இந்த இரண்டு முறைகள்தான்.

இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸுக்குப் போங்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் உங்கள் ஹெட்ஃபோனையே விடுங்கள். மைக் என்ற இடத்தில் மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்கையோ வெப்கேம் மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஹெட்ஃபோனின் மைக்கை யாரும் கேட்காததால் அது பாட்டு முறையிலேயே இருக்கும். மற்றவர்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அமைதியான அறை, லேப்டாப் எதிரிலேயே இருக்கிறது என்றால் பலருக்கு இதுவே போதும். கீபோர்டில் தட்டினால் அதுவும் சேர்ந்து கேட்கும், எழுந்து நடந்தால் உங்கள் குரல் தேய்ந்துவிடும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில ஆப்கள் ஹெட்ஃபோன் இணைந்ததும் தாமாகவே மைக்கை மாற்றிக்கொள்ளும். மீட்டிங்கில் நுழையும்போது ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் நிலைமை வேறு. நாலைந்து மணி நேரம், அதிலும் வாடிக்கையாளர்களோடு பேச்சு. தனி ஹெட்செட் நியாயமான செலவுதான். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது கணினியோடு எந்த வழியில் இணைகிறது என்பதை. பிராண்டு, ஸ்பீக்கரின் அளவு, புளூடூத் பதிப்பு எண் எல்லாம் அதற்கு அப்புறம்.

அலுவலகத்துக்கென்றே செய்யப்படும் ஹெட்செட்டுகள் பலவற்றோடு நகம் அளவில் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வரும். அதைச் செருகினால் கணினிக்குத் தெரிவது புளூடூத் இல்லை; சாதாரண யுஎஸ்பி ஒலிச் சாதனம்தான். ஹெட்செட்டோடு பேசும் வேலையை டாங்கிளே பார்த்துக்கொள்ளும். கணினியின் புளூடூத் சிப், அதன் டிரைவர், இயங்குதளத்தின் குழப்பங்கள் எதுவும் நடுவில் வராது. பெரும்பாலான டாங்கிள்களுக்குள் ஓடுவதும் புளூடூத்தேதான், ஆகவே பேச்சின்போது பாட்டுத் தரம் கிடைத்துவிடாது. ஆனால் இரண்டு முனையையும் ஒரே நிறுவனம் செய்திருப்பதால் அந்த 16,000 மாதிரித் தரம் உறுதியாகக் கிடைக்கும். பேச்சுக்கு அது தாராளம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடையில் தனியாக விற்கும் பொதுவான புளூடூத் அடாப்டர் வேறு, இந்த டாங்கிள் வேறு. அந்த அடாப்டர் கணினிக்குப் புளூடூத் வசதியைச் சேர்க்கும், அவ்வளவே. பழைய பிரச்சினை அப்படியே தொடரும்.

புளூடூத்தில் புதிதாக வந்திருக்கும் எல்இ ஆடியோ என்ற ஒலி முறை இந்த இரட்டை முறைத் தொல்லையை அடியோடு தீர்க்கக்கூடியது. எல்சி3 என்ற புதிய கோடெக்கோடு (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை), பேசும்போதும் நல்ல தரம் தரும். அதற்கான அடிப்படை 2020இல் புளூடூத் 5.2ஓடு வந்தது, மீதி விதிமுறைகள் 2022இல் முழுமையாயின. ஆனால் ஹெட்செட், கணினியின் சிப், இயங்குதளம் மூன்றும் அதை ஆதரிக்க வேண்டும். பெட்டியில் ‘புளூடூத் 5.3’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எல்இ ஆடியோ கட்டாயமில்லாத அம்சம் என்பதால் அந்த எண் எதற்கும் உத்தரவாதமில்லை. எல்இ ஆடியோ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, அடுத்த அறைக்குப் போனால் அறுந்துபோகிற விஷயம். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. 79 சிறு தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவித்தான் புளூடூத் இந்தக் கூட்டத்தில் பிழைக்கிறது. தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். கணினிக்கு முதுகைக் காட்டி நின்றால் சிக்னல் தடுமாறுவது அதனால்தான்.

இதில் பலருக்குத் தெரியாத குற்றவாளி ஒன்று உண்டு: யுஎஸ்பி 3 போர்ட். அதன் தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கக்குகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. மேசைக் கணினியின் பின்பக்கத்தில், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகிய நீலநிற போர்ட்டுக்குப் பக்கத்திலேயே டாங்கிளையும் செருகினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்கின் இரைச்சல், இன்னொரு பக்கம் இரும்புப் பெட்டியின் மறைப்பு. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். விலை அற்பம், பலன் பெரிது. ‘ஹெட்செட் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் சில இந்தக் கேபிளோடு ஒழுங்காக வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

வீடு முழுக்க நடந்துகொண்டே பேச வேண்டும் என்றால் டெக்ட் வகையைப் பாருங்கள். கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளில் இருக்கும் அதே தொழில்நுட்பம். வைஃபை இருக்கும் பக்கமே போகாமல் தனக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் ஓடுவதால் சுவர்களைத் தாண்டியும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சங்கடங்களும் உண்டு. மேசைமேல் ஒரு பேஸ் (ஹெட்செட்டோடு பேசும் சிறு பெட்டி) வேண்டும், விலை கூட, மொபைல் ஃபோனோடு பெரும்பாலும் நேரடியாக இணையாது. அப்புறம், அலைவரிசை இடத்துக்கு இடம் மாறும்: ஐரோப்பாவில் 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 1,920 முதல் 1,930. ஒரு நாட்டுக்கான கருவியை இன்னொரு நாட்டில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாகலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்து தந்தால் இதைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

இப்போது மைக். உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்பதில் பாதி, மைக் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதிலேயே தீர்ந்துவிடும். காதோரம் இருக்கும் மைக், வாயிலிருந்து தள்ளி நின்று, உங்கள் குரலையும் அறைச் சத்தத்தையும் பிரித்தெடுக்கத் திண்டாடுகிறது. அதற்காக அது செய்யும் கணக்கு வேலைதான் அந்தக் ‘கிணற்றுக் குரல்’ வருவதற்கு இன்னொரு காரணம். தண்டு நீட்டிய பூம் மைக் உள்ளதையே வாங்குங்கள். பார்க்க கால் சென்டர் மாதிரி இருக்கிறது என்று தயங்க வேண்டாம். மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் மோதி ‘டப்’பென்று கேட்கும்.

விளம்பரங்களில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பார்கள். அது இரண்டு வேறு விஷயங்கள். ஏஎன்சி என்றால் வெளிச்சத்தம் உங்கள் காதுக்குக் குறைவாகக் கேட்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு அதனால் எந்தப் பயனுமில்லை. மைக்கில் சத்தத்தைக் குறைப்பது வேறு, அதை இஎன்சி என்று குறிப்பிடுவார்கள். மற்றவர்களின் புகாருக்கு மருந்து இதுதான். மீட்டிங் ஆப்பிலும் இதே வேலையைச் செய்யும் வசதி இருக்கும். ஹெட்செட்டும் ஆப்பும் சேர்ந்து ஒரே குரலைச் சலித்தால் குரல் ரோபோ மாதிரி ஆகலாம். அப்படி நேர்ந்தால் ஆப்பில் இருப்பதைக் குறைத்துப் பாருங்கள்.

காதை முழுக்க மூடும் ஹெட்செட்டில் நம் குரலே நமக்குச் சரியாகக் கேட்காது. தெரியாமலே கத்த ஆரம்பித்துவிடுவோம். சைடுடோன் என்ற வசதி உங்கள் குரலைக் கொஞ்சம் உங்கள் காதுக்கே திருப்பித் தரும். நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு, தொண்டை கட்டாமல் இருக்க இது ஏஎன்சியைவிட முக்கியம் என்று நான் சொல்வேன்.

மியூட் பட்டனைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட்செட்டில் அழுத்தினால் திரையிலும் மியூட் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் எடுத்துவிட்டு இன்னொன்றில் மறந்து, ‘குரல் வரவில்லையே’ என்று எல்லோரும் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். சில மாடல்கள் குறிப்பிட்ட மீட்டிங் ஆப்புக்கென்று சான்று பெற்ற பதிப்பு, பொதுப் பதிப்பு என்று இரண்டாக வரும். உங்கள் அலுவலகம் எந்த ஆப்பைப் பயன்படுத்துகிறதோ அதற்கானதை எடுங்கள்.

பேட்டரிக் கணக்கில் பெரிதாகப் போட்டிருப்பது பாட்டு நேரம். பேச்சு நேரம் குறைவாக, சிறிய எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சிறிய எழுத்து. சார்ஜ் போட்டுக்கொண்டே பேச முடியுமா என்பதையும் பாருங்கள், சில ஹெட்செட்டுகள் கேபிள் செருகியதும் அணைந்துவிடும். கண்ணாடி போடுபவர் என்றால் அரைமணி நேரம் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். காது மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். முதலில் உரிவது அதுதான்.

ஆகவே உங்களுக்கு என் சிபாரிசு: பூம் மைக், சொந்த டாங்கிள், சைடுடோன் உள்ள அலுவலக ஹெட்செட். வீடு முழுக்க நடந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் டெக்ட். உண்மையைச் சொன்னால், மேசையை விட்டு எழுந்திருக்காதவருக்கு நான் வயர்லெஸ்ஸே பரிந்துரைக்க மாட்டேன். அதே விலையில் கம்பி வைத்த யுஎஸ்பி ஹெட்செட் இதைவிட நன்றாகப் பேசும், சார்ஜும் வேண்டாம்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபேனைப் போட்டுவிட்டு, கீபோர்டில் தட்டிக்கொண்டே பேசி, அடுத்த அறை வரை நடந்து அதைப் பதிவு செய்து கேளுங்கள். மீட்டிங் ஆப்பிலேயே செய்தால்தான் எதிர்முனைக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும். டாங்கிள் வந்த பிறகு கணினியின் புளூடூத் பட்டியலில் அந்த ஹெட்செட்டைச் சேர்க்கவே வேண்டாம். ஏற்கெனவே சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். இரண்டு வழியும் திறந்திருந்தால் கணினி சில நாள் டாங்கிள் வழியாகவும் சில நாள் பழைய ஹேண்ட்ஸ்-ஃப்ரீ வழியாகவும் பேசும். காரணம் தெரியாமல் புது ஹெட்செட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.