அடுத்த தேதியைக் குறித்துவிட்டு வாருங்கள்

கேள்வி: அக்கா, நானும் என் கணவரும் ஒன்றரை வருடமாக வீடு சுத்தம் செய்வது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது ஆகிய வேலைகளை எடுத்துச் செய்கிறோம். உதவிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. தை பிறந்து பத்து நாள் போனால் போன் அடிப்பதே இல்லை. ஐயாயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பருக்குள் வைத்துப் போட்டோம். கூப்பிட்டது மூன்றே பேர். வருடம் முழுக்க வேலை கிடைக்க என்ன வழி?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: தங்கச்சி, ஒன்றரை வருடத்தில் நூறு வீடாவது பார்த்திருப்பீர்கள். அந்த நூறு வீட்டுக்கும் எந்தத் தேதியில் போனீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அதைத்தான் தேடினேன், இல்லை.

வேளச்சேரியில் நான் தொழில் ஆரம்பித்த இரண்டாவது வருடம், ஏற்கெனவே தொட்டி கழுவிக் கொடுத்த ஒரு வீட்டு வழியாகப் போனேன். வேறு இரண்டு பேர் அங்கே தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்புத் தொட்டியில் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்ததும், "உன்னைத்தாம்மா கூப்பிடணும்னு இருந்தேன், நம்பர் எங்கேயோ போயிடுச்சு" என்றார். அவருக்கு என் வேலையில் குறை இல்லை, நம்பர்தான் கைக்கு எட்டவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தேன். முதலில் தொட்டி மூடியின் மேல் ஒட்டினேன். இரண்டு மாத வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. பிறகு மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தினமும் யாராவது கை வைக்கும் இடம், வெயிலும் படாது. கழுவிய தேதி, அடுத்து கழுவ வேண்டிய தேதி, போன் நம்பர் மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். அதே தேதியை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். தேதிக்குப் பத்து நாள் முன்னால் நீங்களே கூப்பிட்டு, "ஆறு மாசம் ஆகப்போகுதும்மா, இந்த ஞாயிறு வரட்டுமா, அடுத்த ஞாயிறா?" என்று கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தீபாவளிக்குக் கழுவிய தொட்டி சித்திரையில் திரும்ப வரும். பொங்கலுக்குக் கழுவியது ஆனியில் வரும். இரண்டும் உங்களுக்குக் கை ஓய்ந்திருக்கும் மாதங்கள். நூறு வீட்டில் பாதிப் பேர் சரி என்றாலே, வருடத்துக்கு இரண்டு முறை வீதம் நூறு வேலை, மாதம் எட்டுக்குக் குறையாது.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். பலர் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், நாளாக நாளாகக் குழாயின் முலாம் போய் டைல்ஸ் இடுக்கும் அரித்துவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) வாங்கி வெந்நீரில் கரையுங்கள். துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, இருபது நிமிடம் விட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிளில் மட்டும் இதுவும் படக்கூடாது, பளபளப்பு போய்விடும். தொட்டி கழுவப் போன வீட்டில் நான் ஒரே ஒரு குழாயை மட்டும் இப்படிச் செய்து காட்டுவேன், காசு வாங்க மாட்டேன். மாதாமாதம் பாத்ரூம் கழுவ எனக்குக் கிடைத்த வீடுகளில் பாதி அந்த ஒரு குழாயால் வந்தவைதான். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும்.

வாராவாரம் வேலை வேண்டுமென்றால் சின்ன கிளினிக், டியூஷன் சென்டர், ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத எட்டுப் பத்து வீட்டு அப்பார்ட்மென்ட் ஆகியவற்றைப் பாருங்கள். அசோசியேஷன் செக்ரட்டரி மாறிக்கொண்டே இருப்பார். அதனால் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு வருடத்துக்கு எழுதி வாங்குங்கள்.

"அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துடுங்க, கூடத் தர்றேன்" என்று கேட்பார்கள். ஆளை இறக்கவே இறக்காதீர்கள். 2013-ஆம் வருடச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காசு வேண்டாம். உள்ளே இருக்கும் விஷவாயு ஆளை நொடியில் சாய்த்துவிடும். சாதாரண சம்ப்பில்கூட மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட்டம் விட்டு, மேலே ஒருவர் நின்றால்தான் இன்னொருவர் இறங்க வேண்டும்.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் தினமும் பெருக்கித் துடைக்கிறோம். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், தாம்பரம்

பதில்: என்னையும் ஓர் அலுவலகம் நான்கு மாதம் இழுத்தடித்தது. கையில் ஒரு காகிதமும் இல்லாததால் பாதிப் பணம்தான் தேறியது. முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு, செய்யுங்கள். அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லை, காசு கேட்கும் தரகர் பக்கம் போகாதீர்கள். பதிவு செய்த சிறு தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் சேரும், அதுவும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு. பழைய பாக்கிக்கு, மாதவாரியாக பில் எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கு அவர்கள் கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள். இனிமேல் மாதம் முடிந்த அன்றே பில் போய்விட வேண்டும். நான்காவது மாதமும் பாக்கி நின்றால் அங்கே வேலை செய்யும் உங்கள் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு நீங்கள் கைக்காசைப் போட்டுத்தானே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்!