கை சுத்தம், வாய் சுத்தமில்லை: மேலாளர்கள் பற்றிய கேள்வி பதில்

மனிதவளப் பிரிவில் பல வருடம் புகார் மனுக்களைப் படித்தவன் நான். ‘நல்லவர்’ என்று பெயரெடுத்த மேலதிகாரிகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மேலாளர் அப்பழுக்கில்லாதவர். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். ஆனால் நேரத்துக்குக் கிளம்புகிறவர்களை எல்லோர் முன்னாலும் “மனசாட்சி இருக்கா?” என்று கேட்பார். இப்படிப்பட்டவரைக் குறை சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சத்தின் மேல்தான் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கை சுத்தம் என்பதற்காக வாய்க்குத் தள்ளுபடி கிடையாது.

உளவியலில் இதைத் தார்மீக உரிமம் என்பார்கள். நல்லது செய்தவருக்கு, கொஞ்சம் கெட்டது செய்யும் உரிமையும் சேர்ந்தே வந்துவிட்டதாகத் தோன்றுவது. மேலாளர்களின் நடத்தையை நாள்வாரியாகப் பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒரு நாள் நெறியோடு நடந்துகொண்டவர்கள், மறுநாள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் எரிந்து விழுவது கூடியிருந்தது. ஒழுங்காக இருப்பதில் வரும் களைப்பு ஒரு காரணம். சேர்த்த புண்ணியத்தைச் செலவு செய்யும் மனக்கணக்கு இன்னொன்று. நான் அதிகம் பார்த்தது இரண்டாவதைத்தான்.

லஞ்சம் வாங்குகிற அதிகாரிக்கு மாட்டிக்கொள்வோமோ என்ற பயமாவது இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. அதனால் அவர் நல்லவரா கெட்டவரா என்ற வழக்கில் மட்டும் இறங்காதீர்கள், அதில் அவர்தான் ஜெயிப்பார். “செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் இப்படிச் சொன்னீர்கள். இனிமேல் என் வேலையில் குறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்” என்று தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

கேள்வி: “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று சொல்லியே விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிடுகிறார்.

குடும்பத்தில் அப்ரைசல் கிடையாது. “வருகிறேன், இதற்குப் பதில் எந்த நாள் விடுப்பு?” என்று மெயிலில் கேளுங்கள். பேச்சு உடனே குடும்பத்திலிருந்து ஆபீசுக்கு வந்துவிடும்.

கேள்வி: மீட்டிங்கில் என்னைக் கிழிக்கும்போது எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் தனியாக வந்து ஆறுதல் சொல்கிறார்கள். மேலாளரைவிட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோதனை நடத்துபவர் சொன்னார் என்பதற்காக, அடுத்த அறையில் அலறும் மனிதருக்கு 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை ‘மின்சாரம்’ கொடுத்தார்கள். மின்சாரமும் அலறலும் நடிப்பு, கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. எல்லோரும் சொல்வது இதுவரைக்கும்தான். இன்னொரு சுற்றில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நடுவிலேயே மறுத்து எழுந்துவிடும்படி ஏற்பாடு செய்தார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். சண்டையெல்லாம் போட வேண்டாம். “இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாமே சார்” என்று மீட்டிங்கிலேயே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று கேளுங்கள். அடுத்த முறை அவர் மாட்டும்போது நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெச்.ஆரிடம் போனேன். “அவர் கொஞ்சம் ஸ்டிரிக்ட், மனசு தங்கம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

நானும் அந்தப் பதிலைச் சொல்லி அனுப்பியவன்தான், ஒருமுறை அல்ல. “அவர் மோசமாக நடத்துகிறார்” என்று வந்தால் அது அபிப்பிராயம், எளிதாகத் தட்டிவிடலாம். தேதி, நேரம், இடம், சொன்ன அதே வார்த்தைகள், கூட இருந்தவர்கள், அதனால் நின்றுபோன வேலை என்று வந்தால் தட்ட முடியாது. அன்றன்றைக்கே எழுதிவையுங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். வாய்மொழியாகத் திட்டி ஒரு வேலையைக் கொடுத்தால், “நீங்கள் சொன்னபடி இதை நிறுத்திவிட்டு அதை எடுக்கிறேன்” என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், கடைசியில் அதையே உங்கள் மேல் திருப்புவார்கள்.

‘ஒரே ஒரு தடவைதானே’ என்றும் சொல்வார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, வேலையிடத் துன்புறுத்தல் ஒருமுறை நடந்தாலும் தொடர்ந்து நடந்தாலும் துன்புறுத்தல்தான் என்று வரையறுக்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போன மாதம் டீம் லீட் ஆனேன். படிக்கப் படிக்க இதெல்லாம் என்னைப் பற்றியோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் டீமில் கடைசியாக ஒருவர் “இது தப்பு” என்று உங்களிடம் சொன்னது எப்போது? அதற்கு அப்புறம் அவருக்கு எந்த மாதிரி வேலைகள் போயின? இரண்டாவது கேள்விக்கான பதிலை நினைவிலிருந்து எடுக்காதீர்கள், வேலைப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.