பேஸ் கிடாருக்குப் புது கீ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சர்ச் கொயரில் பேஸ் வாசிக்கிறேன். பிரிசிஷன் மாடலில் வந்த நாலு கம்பிப் பழைய கிடார். முதல் பாட்டுக்குச் சுருதி சேர்த்தால் மூன்றாவது பாட்டுக்குள் ஈ கம்பி (நாலில் தடித்தது) இறங்கிவிடுகிறது. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற நாலு கீயையும் மாற்றிவிடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வாங்குவதை அப்புறம் பார்ப்போம். முதலில் கீதான் குற்றவாளியா என்று பாருங்கள். கீயின் காதை, அதாவது கையால் பிடிக்கிற பகுதியை, திருப்பினால் ஒரு திருகாணி சுற்றும், அது ஒரு பல்சக்கரத்தை நகர்த்தும், சக்கரத்தோடு கம்பி சுற்றிய தண்டும் நகரும். இது ஒருவழிப்பாதை. கம்பி எவ்வளவு இழுத்தாலும் சக்கரத்தால் திருகாணியைத் திருப்ப முடியாது. ஆகவே கீ தானாக வழுக்குகிறது என்று வருகிற கிடார்களில் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுதான் கோளாறு.

சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி திடீரெனத் தாவுகிறதா? கம்பி நட்டின் (கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) பள்ளத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். இன்னொன்று, மேலிருந்து இறக்கிச் சுருதி சேர்க்காதீர்கள். திருகாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தொய்வு நின்றுவிடும், நாலு தட்டுத் தட்டியதும் கம்பி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். கூடுதலாகப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து மறுபடி ஏற்றி வந்து நிறுத்துங்கள். கீயின் பின்பக்கம் திறந்த மாடலாக இருந்தால் சக்கரத்தின் நடுவில் ஒரு சின்னத் திருகு தெரியும். அது லூசாகிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அரைச் சுற்று இறுக்கினால் முடிந்தது.

இதெல்லாம் செய்தும் தண்டு ஆடுகிறது, பல் தேய்ந்துவிட்டது, கடற்காற்றில் துரு பிடித்துக் காது அசையவே மறுக்கிறது என்றால், சரி, மாற்றுங்கள். கம்பெனியைவிட முக்கியம் ஓட்டையின் அளவு. கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் பழைய பாணியைப் பின்பற்றும் கிடார்களில் ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிடாரின் தலையில், கீ உட்காரும் ஓட்டை சுமார் 17.5 மி.மீ. இருக்கும். இப்போது வருகிற பல கிடார்களில் சுமார் 14 மி.மீ.தான். பழைய கீயைக் கழற்றி, தண்டைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற வளையத்தையும் எடுத்துவிட்டு, மரத்தின் ஓட்டையை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஓட்டை பெரிதாக இருந்து கீ சின்னதாக இருந்தால், நடுவில் போட அடாப்டர் புஷ் கிடைக்கிறது. ஓட்டை சின்னதாக இருந்தால் கை டிரில்லை எடுக்காதீர்கள், வார்னிஷ் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். ஓட்டையைச் சீராக அகலப்படுத்தும் ரீமர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நாலு கீயும் ஒரே வரிசையில் இருக்கிற கிடாருக்கு நாலும் ஒரே பக்கத்துக் கீயாக வேண்டும். இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்த செட்டை வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டாம்.

பின்பக்கத் திருகின் ஓட்டைகள் அநேகமாகப் புதியதோடு ஒத்துப்போகாது. பழைய ஓட்டையில் ஃபெவிக்கால் தொட்ட பல்குச்சிகளைத் திணித்து, ஒருநாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிடுங்கள். புதிய ஓட்டை போடும்போது திருகின் மரையை விட்டுவிட்டு அதன் உடலின் பருமனுக்கு டிரில் பிட் எடுங்கள். ஆழம் தவறாமல் இருக்க பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம் ஓட்டை எட்டிப் பார்த்தால் அப்புறம் அழுதும் பயனில்லை. மேப்பிள் மரம் கல் மாதிரி, இந்தத் திருகுகளோ மெலிசு. குளியல் சோப்பில் ஒரு முறை தேய்த்துவிட்டுக் கையால் முடுக்குங்கள். பாதியில் இறுகினால் வெளியே எடுத்து மறுபடி சோப்பு. பலம் காட்டினால் தலை முறிந்து, திருகு உள்ளேயே தங்கிவிடும்.

கம்பி மாட்டும்போது தண்டுக்கு அப்பால் சுமார் பத்து செ.மீ. விட்டு, முதலில் செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் கம்பியின் மேல் சுற்றியிருக்கும் வெளிச்சுற்று நெகிழ்ந்து, அந்தக் கம்பியின் ஓசையே செத்துப்போகும். நுனியைத் தண்டின் நடுக்குழியில் இறக்கிவிட்டு, இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் முந்தையதற்குக் கீழே.

கேள்வி: புது கீ போட்டேன். இறுக்குகிறோம் என்று திருப்பினால் சுருதி இறங்குகிறது. டூப்ளிகேட்டா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லம்மா. கம்பி தண்டின் எந்தப் பக்கமாக வருகிறது என்று பாருங்கள். காது இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வரவேண்டும். அது சரியாக இருந்தால், நீங்கள் வாங்கியது பழைய பாணித் தலைகீழ்க் கீ. ஆரம்பகால ஃபெண்டர் பேஸ்களில் க்ளூசன் கம்பெனியின் கீ அப்படித்தான் திரும்பும். அதே போல் இன்றும் செய்து விற்கிறார்கள். கை பழகிவிடும். பிடிக்கவில்லை என்றால் மாற்றி வாங்குங்கள்.

கேள்வி: நின்று வாசிக்கும்போது கிடாரின் தலை தரையைப் பார்த்துச் சாய்கிறது. லேசான கீ போட்டால் நிற்குமா?
– வாசகர், மதுரை

பதில்: கீ மாற்ற இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. கீ இருப்பது கிடாரின் கடைக்கோடியில். அங்கே நூறு கிராம் குறைந்தால், உடலில் அதே நூறு கிராம் கூட்டுவதைவிட வித்தியாசம் அதிகம் தெரியும். ஹிப்ஷாட், கோட்டோ இரண்டு கம்பெனியிலும் லேசான மாடல் உண்டு. ஆனால் முதலில் வழுக்காத அகலமான தோல் ஸ்ட்ராப் ஒன்று போட்டுப் பாருங்கள். நைலான் ஸ்ட்ராப்தான் பாதிக் காரணம்.

கேள்வி: ஈ கம்பியைப் பாட்டின் நடுவில் டி-க்கு இறக்கும் லீவர் கீ பற்றிக் கேள்விப்பட்டேன். வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அடிக்கடி டி-யில் பாடுகிற குழு என்றால் தாராளமாக. லீவரைத் தட்டினால் 41 ஹெர்ட்ஸில் இருந்த கம்பி சுமார் 37-க்கு வந்துவிடும், திரும்பத் தட்டினால் பழைய இடம். ஒரு கம்பி தளர்ந்ததும் கழுத்தின் வளைவு லேசாக மாறி மற்ற மூன்றும் ஒரு இழை ஏறும். ஆகவே லீவர் இறங்கிய நிலையிலும் ஒருமுறை மற்ற கம்பிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.