அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிற சார்லட்டிலிருந்து சிறு பிள்ளைகளோடு முதல் முறை பனிச்சறுக்குக்குப் போக எந்த இடம் நல்லது?

நாங்களும் சார்லட்வாசிகள்தான். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு வயது இருந்தபோது முதல் தடவை போனோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்தார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ப்ளோயிங் ராக் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அப்பலாச்சியன் ஸ்கீ மவுண்டனுக்குப் போங்கள்.

தெரிந்தவர்களைக் கேட்டால் பீச் மவுண்டன், ஷுகர் மவுண்டன் என்றுதான் சொல்வார்கள். பீச் 5,506 அடி உயரம், கிழக்கு வட அமெரிக்காவிலேயே மிக உயரமான ஸ்கீ மலை. (அம்மா உடனே "நம்ம ஊட்டிய விடவா?" என்று கேட்டார். இல்லை, ஊட்டி அதைவிட உயரம்.) ஷுகரில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை 1,200 அடி இறக்கம். அப்பலாச்சியனில் அது வெறும் 365 அடி. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் அதை ஒரு மேடு என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். முதல் தடவை போகிற பிள்ளைக்கு அந்த மேடே பெரிய மலை. இடம் சின்னது என்பதால் அடிவாரத்துக் கட்டடத்தின் மாடத்தில் நின்றே நம் பிள்ளை எங்கே விழுகிறது, எங்கே எழுகிறது என்று பார்க்கலாம். சறுக்காமல் கூட வருகிற பெரியவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது போனால்தான் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். நாங்கள் போன ஜனவரியில் சுற்றியிருந்த மலையெல்லாம் மொட்டை மரங்களோடு பழுப்பாகக் கிடந்தது, சறுக்குகிற சரிவு மட்டும் வேட்டி உலர்த்தியது போல வெள்ளை. அமெரிக்காவின் தெற்கில் வானத்தை நம்பி ஸ்கீ நடத்த முடியாது. குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கியதும் இயந்திரங்கள் தண்ணீரைத் துளித்துளியாகக் காற்றில் வீசியடிக்கும், அது தரைக்கு வருவதற்குள் உறைந்துவிடும். காற்று உலர்ந்திருந்தால் இன்னும் நன்றாக உறையும். அப்பலாச்சியனில் எல்லாப் பாதைகளுக்கும் இந்த வசதி உண்டு. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "மாவு மில்லுல பறக்க மாதிரில்லா இருக்கு" என்றார். வெயில் ஏறினால் மதியத்துக்கு மேல் பனி சகதியாகும், ராத்திரி அது கண்ணாடி போல இறுகும். அதனால் காலையிலேயே போய்விடுங்கள். ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரியில் பிரெசிடென்ட்ஸ் டே, இந்த இரண்டு நீண்ட வாரக்கடைசியும் வேண்டவே வேண்டாம். சறுக்குவதைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகம்.

அப்புறம், பூட்ஸ். பனியோ குளிரோ எங்களைப் படுத்தவில்லை, பூட்ஸ்தான் படுத்தியது. போகிற வழியில் ஒரு கடையில் வாடகை மலிவு என்று எடுத்தோம். மகனுக்கு ஒரு அளவு பெரிதாகக் கொடுத்துவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. குளிருமே என்று இரண்டு சாக்ஸ் வேறு மாட்டியிருந்தேன். அரை மணி நேரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். கழற்றிப் பார்த்தால் சாக்ஸ் மடிப்பு தோலில் அப்படியே பதிந்திருந்தது. முழங்கால் வரை வருகிற ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். மலையிலேயே வாடகைக்கு எடுங்கள், சரியில்லை என்றால் உடனே மாற்றிக்கொள்ளலாம். ஜீன்ஸ் கூடாது. என் வீட்டுக்காரர் ஜீன்ஸில் வந்து, நாலு முறை விழுந்து, தொப்பலாக நனைந்து, மீதிப் பொழுதைக் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு கழித்தார்.

பயிற்சி வகுப்புக்குக் காசு கொடுக்க யோசிக்காதீர்கள். அங்கே இருக்கிற பள்ளியின் பெயர் பிரெஞ்ச்-சுவிஸ் ஸ்கீ காலேஜ். அப்பா அம்மா சொல்லிக்கொடுத்தால் சண்டைதான் மிஞ்சும். மகளுக்கு அவர்கள் சொன்னது இரண்டே வார்த்தை. ஸ்கீ பலகைகளின் முன்முனைகளை ஒன்றோடொன்று நெருக்கி, பின்பக்கம் அகட்டி வைத்தால் 'பீட்சா', வேகம் குறையும். இரண்டையும் இணையாக வைத்தால் 'பிரெஞ்சு ஃப்ரை', பாய்ந்துவிடும். மகன் முதலில் பிரெஞ்சு ஃப்ரையை மட்டும்தான் கற்றுக்கொண்டான். நேராக வந்து வலையில் போய் விழுந்தான். அம்மா மாடத்திலிருந்து, "ஏட்டி, பச்சப்புள்ளய இப்படித் தள்ளி விடலாமா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனோ எழுந்து சிரித்துக்கொண்டே மறுபடியும் மேலே போக நின்றான்.

உங்கள் கடைக்குட்டிக்கு நாலு வயதுக்குள் என்றால் ஸ்கீயை இந்த வருடம் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்குகிற டியூபிங் இடங்கள் அந்தப் பக்கமே இருக்கின்றன, வயது வரம்பை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் காரிலேயே காலியாயின.

வழி: ஹிக்கரி, லெனோயர் தாண்டி 321-ஆம் நெடுஞ்சாலையிலேயே நேராக ஏறலாம், இரண்டு மணி நேரப் பயணம். ஜிபிஎஸ் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்கிற மலைச்சாலைப் பக்கம் திருப்பப் பார்த்தால் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் அதன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.