எக்கோ சரியாக இருக்கிறது, அவர் சரியாக இல்லை

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ, இ.சி.ஜி. எல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். ஆனால் அவர் யாரோடும் பேசுவதில்லை. நடக்கக் கூப்பிட்டால் வருவதில்லை. விடியும் முன்பே விழித்து உட்கார்ந்துகொள்கிறார். மாத்திரையை நீட்டினால், 'இதைப் போட்டு என்ன ஆகப்போகிறது?' என்கிறார். போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகலாமா? அந்த மாத்திரைகள் இதயத்தைப் பாதிக்காதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இதய மருத்துவரின் பதில்: அழைத்துப்போங்கள் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். மாரடைப்புக்குப் பின் சில நாட்கள் பயமும் அழுகையும் வருவது இயல்பு. இரண்டு வாரங்களைத் தாண்டியும் எதிலும் நாட்டமின்றி இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. 'தைரியமாக இரு' என்று உறவினர்கள் சொல்வதால் அது போய்விடாது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது மாத்திரை பற்றிய அந்தப் பேச்சுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். அவர் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று இன்றே கவனியுங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற தொனியில் பேசினால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆம்' என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மனச்சோர்வு உடலுக்குள்ளும் வேலை செய்கிறது. அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 1993-ல் வெளிவந்தது. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு இருந்தவர்களிடையே அடுத்த ஆறு மாதங்களில் இறப்பு அதிகமாக இருந்தது.

அடுத்து, மருந்து பற்றிய உங்கள் பயம். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் என்ற மருந்தை இதய நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று 2002-ல் வெளியான முடிவு காட்டியது. அமிட்ரிப்டிலின் போன்ற சில பழைய மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றை நாங்கள் தவிர்க்கிறோம். செர்ட்ராலினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் சேரும்போது ரத்தக்கசிவு சற்றுக் கூடலாம். ஆகவே மாத்திரைச் சீட்டை இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். மலம் கறுத்தால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

மனச்சோர்வு நீங்கினால் ஆயுள் கூடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். பேச்சுவழிச் சிகிச்சையை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் (2003) மனம் தேறியது, ஆனால் இறப்பு குறையவில்லை. ஆனாலும் தூங்கி எழுந்து, பேசி, நடந்து வாழ்வதற்காகவே அவருக்குச் சிகிச்சை வேண்டும். எனக்கு அந்தக் காரணமே போதும்.

அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். எங்கள் அறைக்குள் வந்ததும் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்பவர்களே அதிகம். எனக்கு எழுதியதை எல்லாம் அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். சோர்வுக்குத் தைராய்டு காரணமா, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை காரணமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.